பச்சோந்தியின் வலைவீடு

மருதமுனையில் ஒரு வீட்டு ஜன்னலில் நுளம்பு வலை சுருக்கமில்லாமல், மூலை பிய்யாமல் நின்றால் அது அபூசாலி அடித்த வலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். டெங்கு பரவினால் மற்றவர்களுக்குக் காய்ச்சல் பயம், அபூசாலிக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை. தேநீர்க்கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? "நுளம்புட பங்காளி வாறார், இடம் உடுங்க" என்பார்கள். அவரும் "அதுகளும் பொழைக்கணும், நானும் பொழைக்கணும்தானே" என்று சிரித்துக்கொண்டே வாங்கில் உட்காருவார்.

அவர் அப்படிச் சிரித்ததெல்லாம் மகள் ஸம்றா இருந்த காலத்தில். இப்போது தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுகிறார். கிண்டல் செய்கிறவர்களும் அடங்கிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் அன்றைக்கே தகப்பனுக்கு வீட்டுக் கவலையும் பிறந்துவிடும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். அபூசாலியும் இருந்த வளவிலேயே கல்வீடு கட்டி, ஸம்றாவைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மனைவி ஜெஸீமாவோடு பின்னாலிருந்த பழைய குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஸம்றாவின் வயிற்றில் பிள்ளை தரித்ததும் அந்த வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் தன்னிடமிருந்த வலையிலேயே நல்லதைப் பார்த்து அடித்தார். கை பட்டால் வழுக்குகிற மெல்லிய வலை. பேரப்பிள்ளையை ஒரு நுளம்பு தொடட்டும் பார்ப்போம் என்று மார்தட்டினார். ஜெஸீமா தன் பங்குக்குப் பிள்ளைப்பேற்றுச் சாமான்களைச் சேர்த்தாள். பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்குத் தூள் இடித்துப் போத்தலில் அடைத்தாள். குளிப்பாட்டிய பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் புகை காட்டுவதற்கென்று சாம்பிராணியும் புதுச் சட்டியும் வாங்கினாள். பிள்ளையைப் போர்த்த வெள்ளைச் சீலை மடித்து வைத்தாள். நாற்பது நாளும் மகளைக் கட்டிலை விட்டு இறங்கவிடப் போவதில்லை என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஆசுபத்திரிக்குப் போன ஸம்றா ஜனாஸாவாகத் திரும்பி வந்தாள். இரத்தம் நிற்கவில்லை என்றார்கள். பிள்ளையும் தங்கவில்லை. வீடு நிறைய வந்த பெண்கள் ஜெஸீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த களைப்புல பெய்த்தா கா. பேறுல மௌத்தானவ சொர்க்கத்துக்குத்தான், ஷஹீதுட அந்தஸ்து. அழாதீங்க" என்றார்கள். அவள் அழவும் இல்லை. மருமகன் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுத் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. ஜெஸீமா மகளின் அறைக்குள் போனாள். சமைக்க வருவாள், தொழுவாள், மறுபடியும் போய் அந்தக் கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். கேட்டதற்குப் பதில் வரும். தானாக ஒரு சொல் வராது. வியாழன் பொழுது பட்டு வெள்ளி இரவு பிறக்கும்போது வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுகிறவள், அதையும் விட்டுவிட்டாள். புதுச் சட்டி அலுமாரிக்கு மேலே கவிழ்ந்து கிடந்தது.

இவள் இந்த அறைக்குள்ளேயே காய்ந்து முடிந்துவிடுவாள் என்பதுதான் அபூசாலியின் பயம். அந்த ஒரு பயம்தான் அவருக்கு மிச்சமிருந்தது.

பெரும்போக விதைப்புத் தொடங்கின நாட்களில் வரிப்பத்தான்சேனையில் ஒரு வீட்டுக்கு வலை அடிக்கப் போனார். வயல் பாதையில் நாலைந்து பேர் நின்று மண்கட்டியால் எறிந்துகொண்டிருந்தார்கள். ஓணானைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை சும்மா இராது. இப்றாஹீம் நபியைப் போட்ட நெருப்பை ஊதிவிட்ட சாதி என்று சின்ன வயதிலேயே காதில் போட்டு வளர்த்துவிடுகிறார்கள். ஓணான் எது, பச்சோந்தி எது என்று கல்லெடுக்கிறவன் பார்ப்பதும் இல்லை. அபூசாலியே சின்ன வயதில் எத்தனைக்கு எறிந்திருப்பார்! அன்றைக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். பாதைக்குக் குறுக்கே ஒரு பச்சோந்தி, முன்கால் ஒன்று ஏதோ சக்கரத்தில் நசுங்கி, நகர முடியாமல் ஆடிக்கொண்டு நின்றது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

"டேய் தம்பிமாரே, உடுங்கடா. வயித்துல முட்டை இரிக்கி."

"என்ன காக்கா, ஓணானுக்குப் பேறு பாக்கப் போறீங்களா?" என்று ஒருவன் அண்ணன் முறை வைத்துக் கேட்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அபூசாலி குனிந்தார். ஒரு வலைத்துண்டில் அதைப் பொதிந்து பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். வயிறு தெரிந்தது, எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

வீட்டில் பையைத் திறந்தபோது ஜெஸீமா குசினியில் நின்றாள். "என்னது அது?" என்றாள். தானாக வந்த சொல் அது. அபூசாலி பையை விரித்துக் காட்டினார்.

"பச்சோந்தி."

"ஊட்டுக்குள்ள வேணாம். நெருப்ப ஊதினது அது."

"இது எங்க புள்ள ஊதின? இதுட மூத்தவங்க ஆரும் ஊதியிருப்பாங்க. இது பாவம், புள்ளத்தாச்சி."

அவள் குனிந்து அதன் காலைப் பார்த்தாள். பிறகு அறைக்குப் போனாள். போனவள் பேற்றுச் சாமானுக்குள்ளிருந்த மஞ்சள் தூளோடு திரும்பி வந்து, "கால்ல ரெத்தம் கசியிது, இதப் போடுங்க" என்று நீட்டினாள். அந்த ஒரு சொல்லுக்காக அபூசாலி பத்துப் பச்சோந்தியைக் கொண்டு வரவும் தயாராக இருந்தார்.

கைபேசியில் பச்சோந்தி வளர்க்கிற வீடியோக்களைத் தேடிப் பார்த்தார். பேசியது பாதி விளங்கவில்லை, படம் விளங்கியது. கண்ணாடிப் பெட்டி ஆகாது, நாலு பக்கமும் வலை வேண்டும், காற்றும் காலை வெயிலும் படவேண்டும். உள்ளே உயிருள்ள செடி வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரை அது கண்டுகொள்ளாது, இலையில் விழுகிற துளியைத்தான் நக்கும். முட்டையிட ஆழமான ஈரமண் வேண்டும். கொளுத்துகிற நுளம்புக் கொயில், புகை எதுவும் கிட்ட வரக்கூடாது என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார்கள்.

ஆள் உயரக் கூடு, அதற்குள் வைக்கச் செடி வேண்டும் என்று பெரியநீலாவணை இராசதுரையிடம் போனார். இராசதுரை வீட்டு முன்னால் பூமரக் கன்றுகள் வைத்து விற்கிறவர். கடலுக்குப் போவதை விட்டுவிட்ட மனிதர்.

"செவ்வரத்தைதான் காக்கா நல்லம். பூவும் தின்னுமாம். கறிவேப்பிலையும் ஒண்டு வையுங்க. அலரி மட்டும் வைக்கப்படா, நஞ்சு" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "வனசீவிக்காரர் கண்டாக் கேஸ், தெரியும்தானே?"

"முட்டை போட்டுக் கால் சுகமாகட்டும் அண்ணன். கொண்டு பெய்த்து எடுத்த இடத்திலேயே உட்டுருவன்."

"மறுகா ஏன் இவ்வளவு பெரிசாக் கட்டப் போறீங்க?"

அபூசாலி காசை எண்ணிக் கொடுத்தார். செவ்வரத்தைத் தொட்டிகளைக் கயிற்றால் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

ரீப்பைத் தடியில் ஆள் உயரத்துக்குச் சட்டம் அடித்தாயிற்று. வலைதான் இடித்தது. கையிலிருந்த கம்பி வலை அதன் நகத்தைக் கிழித்துவிடும். மெல்லிய வலை முடிந்துபோயிருந்தது. அந்த மெல்லிய வலை எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முழுப் பகலும் அதைக் கேட்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். அஸர் தொழுதுவிட்டு வந்துதான் அறை வாசலில் நின்று கேட்டார்.

"ஸம்றாட ஜன்னல் வலையக் கழட்டவா?"

அவள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். "கழட்டுங்க. இனி ஆருக்கு?"

ஒவ்வொரு ஆணியாகத் தெண்டி எடுத்தார். தான் அடித்த ஆணி இவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கழற்றிய வலையைச் சட்டத்தில் இழுத்து அடித்து, அந்த அறையின் ஜன்னலுக்கு நேரே விறாந்தையில் கூட்டை நிறுத்தினார். உள்ளே இரண்டு செவ்வரத்தை, ஒரு கறிவேப்பிலை, குறுக்கும் நெடுக்குமாகக் கொய்யாக் கொப்புகள், கீழே பெரிய பிளாஸ்டிக் பேசினில் கடல் மணலும் தோட்ட மண்ணும் பிசைந்து நிரப்பியிருந்தார். வீடியோவில் சேலைன் குழாயால் தண்ணீரைச் சொட்டவிட்டிருந்தார்கள். அவரும் ஒன்று வாங்கித்தான் வந்தார். கட்டப்போகும் நேரத்தில் அந்தக் குழாயைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், குழாயைச் சுருட்டி மதிலுக்கு அப்பால் எறிந்துவிட்டு, சோடாப் போத்தலின் அடியில் ஊசியால் துளை போட்டுத் தொங்கவிட்டார். வலையில்லாத ஜன்னலால் நுளம்பு வந்தது. முன்பென்றால் கொயில் கொளுத்துவார்கள். அபூசாலி கொயில் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு வலை கட்டினார். ஏன் என்று ஜெஸீமா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால், என்று அவர் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தார்.

கூட்டுக்குள் விட்டதும் பச்சோந்தி கறுத்துப்போய் மூலையில் ஒடுங்கியது. அடுத்தடுத்த நாட்களில் நசுங்கிய காலைத் தூக்கிக்கொண்டு, மற்ற மூன்று காலால் கொப்பைக் கவ்விக் கவ்வி மேலே ஏறி, செவ்வரத்தை இலைக்குள் பச்சையாகப் போய் நின்றது. ஜெஸீமாவும் அசைந்தாள். சுவர்ப் பக்கம் இருந்தவள் கட்டிலில் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு ஜன்னலடிக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். ஒரு நாள் அபூசாலி வேலை முடிந்து வரும்போது அவள் ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, படலைக்கு வெளியே பக்கத்து வெறுவளவுப் புல்லுக்குள் குனிந்து நின்றாள். மகளின் மையத்து வீட்டுக்குப் பிறகு அவள் படலை தாண்டியதை அன்றுதான் அவர் கண்டார்.

"வெட்டுக்கிளி புடிக்கிறன்" என்றாள். "நீங்க கொண்டாற பூச்சி எல்லாம் அதுக்குப் புடிக்கல்ல."

ஒரு வெட்டுக்கிளியைக் கொப்பில் விட்டாள். பச்சோந்தி ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் இரையையும் பார்த்து நிதானித்து, நாக்கை எறிந்து இழுத்துக்கொண்டது.

"யா அல்லாஹ்! நாக்கப் பாருங்களே, உடம்ப விட நீளம்!" என்று வாயில் கைவைத்துச் சிரித்தாள்.

அபூசாலி கைகால் கழுவப் போகிறவர்போல் கிணற்றடிக்குப் போய்விட்டார். வாளியில் தண்ணீரை அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டு அழுதார். அவ்வளவு சந்தோஷம். மகள் போன பிறகு அவர் அல்லாஹ்விடம் எதையும் கேட்காமல் தொழுதுகொண்டிருந்தார். அன்றைக்குக் கேட்டார், இது போதும், இதை மட்டும் எடுத்துவிடாதே என்று.

அதன் பிறகு வீட்டில் கதை இருந்தது. "நீங்க அடிச்ச வலையிலயே இதுதான் கோணல்" என்று அவள் அவரைச் சீண்டினாள். பச்சோந்திக்கு வயிறு கனக்கிறது, இரவில் நித்திரை இல்லை, செவ்வரத்தைப் பூவுக்கு ஆசைப்படுகிறது என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பற்றிச் சொல்வதெல்லாம் சொன்னாள். அபூசாலி ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் பச்சோந்தி கீழே இறங்கிப் பேசினைச் சுற்றிச் சுற்றி அலைந்தது. மண்ணைக் கிண்டும், யாராவது அசைந்தால் விட்டுவிடும்.

"கண்ணுல படாம மறைக்கணும் புள்ள. இல்லாட்டிப் போடாது."

ஜெஸீமா அலுமாரியைத் திறந்தாள். பிள்ளைக்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளைச் சீலையை எடுத்து வந்து கூட்டைச் சுற்றிக் கட்டினாள். அபூசாலி ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். அவள் முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. சீலை விலகின இடத்தால் அவ்வப்போது பார்த்து, "கிண்டுது", "இறங்கிட்டுது", "நோவுது போல, கண்ண மூடுது" என்று குசுகுசுத்தாள். அடுத்த நாள் பச்சோந்தி மண்ணை மூடி மிதித்துவிட்டு வெளியே வந்தது. வயிறு ஒட்டி, கண் குழி விழுந்து, தோல் தொளதொளத்திருந்தது. கொப்பில் ஏறப் பலமில்லை. அபூசாலி தூக்கி வைத்துத் துளித்துளியாகத் தண்ணீர் விட்டார். நக்கியது. ஒரு வெட்டுக்கிளியும் தின்றது.

"பெத்தவள் இப்பிடித்தான் இருப்பாள்" என்றாள் ஜெஸீமா, பேறு பார்த்த பெண்ணின் பெருமையோடு. "தேறிரும். நான் பாத்துக்கிறன், நீங்க வேலைக்குப் போங்க."

அவர் போனார். சொறிக்கல்முனையில் ஒரு வீட்டுக்கு வலை அடிக்கக் கிடந்தது. அன்று வியாழக்கிழமை.

பொழுது படும்போது திரும்பி வந்தார். படலையைத் திறந்ததும் சாம்பிராணி மணத்தது. அபூசாலி அப்படியே நின்றுவிட்டார். இந்த வளவில் அந்த வாசம் வந்து எவ்வளவு காலம்! ஜெஸீமா வெள்ளி இரவுக்குப் புகை காட்டுகிறாள். வீடு திரும்பி வந்துவிட்டது. மனம் நிறைந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னார்.

விறாந்தைக்கு வந்தபோதுதான் கண்டார். வெள்ளைச் சீலை கூட்டைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை இறுக்கிக் கட்டியிருந்தது. அடியில் புதுச் சட்டி. சீலையின் நெசவுக்குள்ளால் புகை மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஜெஸீமா கதிரையில் உட்கார்ந்திருந்தாள். குளித்து, நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள்.

"பெத்த உடம்புக்குப் புகை புடிச்சாத்தானே பலம் வரும்" என்றாள். "ஸம்றாக்கு வாங்கின சாம்பிராணி. வெளிய போகாம மூடிப் புடிச்சன். நல்லாப் புடிச்சிரிக்கி."

பிள்ளை பெற்றவளைச் சீலையால் மூடி, அடியில் சட்டி வைத்து அப்படித்தான் புகை பிடிப்பார்கள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. மகளுக்குச் செய்ய வைத்திருந்ததை ஒரு குறையும் இல்லாமல் செய்திருந்தாள்.

அபூசாலி ஓரெட்டில் கூட்டடிக்குப் போனார். கத்த வந்த வாயை மூடிக்கொண்டார். "போதும் புள்ள, இனி காத்துப் படட்டும்" என்று சொல்லிக்கொண்டே சீலையை அவிழ்த்தார். பச்சோந்தி கரிக்கட்டையாகக் கறுத்து, வாயை அகலத் திறந்துகொண்டு கொப்பின் நுனியில் தொங்கியது. அவளுக்குத் தெரியாமல் சட்டியைக் காலால் தள்ளினார். இலைகளில் தண்ணீர் தெளித்தார்.

"வாயைத் துறந்துக்கிட்டு இரிக்கே?"

"சூடுதானே. அடங்கிரும்."

அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அது வாய் மூடாமல் மூச்சுக்குத் தவித்தது. ஜும்ஆவுக்குப் போய் வந்தும் அபூசாலி கூட்டடியிலேயே இருந்தார். ஜெஸீமா வெட்டுக்கிளியைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள். அது இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. சனிக்கிழமை விடிந்தபோது மண் பேசினுக்குள் விழுந்து, தன் முட்டைகளுக்கு மேலேயே செத்துக் கிடந்தது.

ஜெஸீமா அதைக் கையில் எடுத்தாள். ஓணானைத் தொடாத கை. "நல்லாத்தானே இருந்திச்சி" என்றாள். "என்னத்தால?"

உண்மை அபூசாலியின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் மனம் வைத்துச் செய்த காரியம் ஒரு கொலையாகிவிடும். சொல்ல முடியாது. எந்தச் சொல் அந்த நேரத்தில் முன்னால் வந்து நின்றதோ அதைச் சொன்னார்.

"பெத்த களைப்பு புள்ள."

சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன சொல் என்று அவருக்கு உறைத்தது. விட்ட சொல்லைப் பிடிக்க முடியுமா? ஜெஸீமா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"ஸம்றாக்கும் அதத்தான் சென்னாங்க" என்றாள். "அவளுக்கு ஒண்டும் பாக்கக் கிடைக்கல்ல. இதுக்கு எல்லாம் பாத்தன். ஒரு குறையும் வைக்கல்ல. பாத்தும் செத்திட்டுதானே?"

"ஜெஸீமா..."

"வேற ஒண்டும் இல்லயா? களைப்புத்தானா?"

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். இன்னொரு முறை வாய் திறக்க அவருக்கு இடம் கிடைத்தது.

"வேற ஒண்டும் இல்ல" என்றார்.

அவள் பச்சோந்தியைப் பேசின் விளிம்பில் வைத்தாள். கையைக் கழுவினாள். "வலையக் கழட்டி ஜன்னல்லயே அடிச்சிருங்க. நுளம்பு வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பச்சோந்தியை மதிலோரம் புதைத்தார். முட்டைகளை மண்ணோடு எடுத்து, வளவில் இறக்கி நட்ட செவ்வரத்தையின் அடியில் தாழ்த்தினார். பொரிக்க மாதக்கணக்காகும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஒரு குஞ்சு தலை நீட்டினால் அதைக் கொண்டு போய் ஜன்னலில் காட்டலாம் என்று நினைத்தார். மாரி பொழிந்து வளவு முழுக்க வெள்ளம் நின்றது. வடிந்த பிறகு கிண்டிப் பார்த்தார். முட்டைகள் சுருங்கிப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. அவளிடம் சொல்லவில்லை. அவளும் முட்டை என்ற பேச்சை எடுக்கவில்லை. மிச்சச் சாம்பிராணியைச் சட்டியோடு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

வலையை அன்றைக்கே திருப்பி அடித்துவிட்டிருந்தார். கழற்றி அடித்த வலை பழையபடி இழுபடவில்லை. அங்கங்கே சுருக்கம் விழுந்தது. அவர் அடித்த வலையிலேயே அதுதான் கோணல், சொல்லிச் சீண்ட ஆளில்லை. வெளியே நின்று கடைசி ஆணியை அடிக்கும்போது உள்ளே பார்த்தார். கதிரை பழைய இடத்துக்குப் போயிருந்தது. ஜெஸீமா கட்டிலின் அந்த ஓரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சுத்தியல் சத்தத்துக்கும் திரும்பவில்லை.

இனி அந்த அறைக்குள் நுளம்பு வராது. அது மட்டும்தான் அபூசாலியின் கையில் இருந்தது.